தூங்கப் போகும் அரை விநாடி

அந்த மடிக்கணினி மூன்றாவது முறையாக என் மேஜைக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

முதல் முறை வந்தபோது பேட்டரியை மாற்றி அனுப்பினோம். இரண்டாம் முறை மதர்போர்டையே மாற்றினோம். இரண்டு முறையும் பழுது பார்க்கும் பிரிவு ‘குறை எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதித்தான் பெட்டியை மூடியது. இப்போது அதன் மூடியில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. நீல மையில், அழுத்தமான எழுத்தில், ‘இந்த மாதம் பதினோரு தடவை. மூடினால் தூங்குகிறது. திறந்தால் எழுந்திருப்பதில்லை. குறை இருக்கிறது.’ கடைசிச் சொல்லின் கீழ் மூன்று கோடுகள். மூன்றாவது கோடு தாளைக் கிழித்திருந்தது.

என் பெயர் கோங் பெய்-சுன். எங்கள் தீவின் வடக்கே, தாவ்யுவானுக்கு அருகே குய்ஷானில், பிற நிறுவனங்களின் பெயரில் விற்பனையாகும் மடிக்கணினிகளைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் பத்து வருடமாக வேலை செய்கிறேன். ஒவ்வொரு மடிக்கணினிக்குள்ளும் விரல் நகம் அளவு ஒரு சிப் இருக்கிறது. கணினி தூங்கும்போதும் அது மட்டும் தூங்காது. மூடி திறக்கிறதா, பொத்தானை அழுத்துகிறார்களா, பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று கவனித்துக்கொண்டே இருக்கும். மூடி திறந்தால் பெரிய சிப்பைத் தட்டி எழுப்புவது அதன் வேலை. அந்தக் காவல்கார சிப்புக்கு நிரல் எழுதுவது என் வேலை. அதாவது ஒரு கணினி எழுந்திருக்கவில்லை என்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது என்னைத்தான்.

சோதனைக்கூடத்தில் இதே மாடலில் இருபது கணினிகளை அடுக்கி, மூன்று வாரமாகத் தூங்க வைத்து எழுப்பிக்கொண்டிருந்தோம். தூக்கம் அறுபது விநாடி, விழிப்பு முப்பது விநாடி, மறுபடி தூக்கம். சோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆ-பின் அடுக்கின் உச்சியில் வழக்கம்போல ஒரு பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலத்தை வைத்திருந்தார். இயந்திரங்கள் சமர்த்தாக நடந்துகொள்ள அதை வைக்காத சோதனைக்கூடம் எங்கள் ஊரில் கிடையாது.

“இதுவரைக்கும் நாலு லட்சம் தடவை தூங்கி எழுந்தாச்சு,” என்றார் ஆ-பின். “ஒண்ணுகூட மக்கர் பண்ணல. என் வீட்ல நானே இவ்வளவு ஒழுங்கா எழுந்திருக்கிறது இல்ல.”

“அப்ப இந்தத் தாளை எழுதினவங்க பொய் சொல்றாங்களா?”

“நான் அப்படிச் சொல்லல. மெஷின் பொய் சொல்லலன்னு சொல்றேன்.”

மஞ்சள் தாளின் மூலையில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. பொறியாளர்கள் வாடிக்கையாளருடன் நேரடியாகப் பேசக்கூடாது என்பது விதி. அன்று மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே படிக்கட்டுப் பக்கம் போய் அந்த எண்ணை அழைத்தேன்.

எடுத்தவர் தீவின் தென்கிழக்கில் உள்ள தைதுங் மாவட்டத்தின் தெற்கு முனையில், மலைக்கிராமங்களுக்குப் போய் வீட்டிலேயே நோயாளிகளைப் பார்க்கும் தாதி. பெயர் செலெப். பைவான் என்ற பழங்குடி இனத்தவர்.

“நீங்கதான் அந்தக் கம்ப்யூட்டரைச் செஞ்சவங்களா?” என்றார்.

“அதுக்குள்ள ஒரு பகுதி என்னோடதுங்க அக்கா. எங்க சோதனையில அது நல்லாத்தான் வேலை செய்யுது. அதான் எப்படிப்பட்ட நேரத்துல…”

“நல்லா வேலை செய்யுதா?”

“ஆமா. என் மேஜையில இப்பகூட…”

“அப்ப ஒண்ணு பண்ணுங்க. திருப்பி அனுப்பும்போது உங்க மேஜையையும் சேர்த்து அனுப்பிடுங்க. கார்ல ஏத்திக்கிட்டுப் போறேன்.”

வைத்துவிட்டார்.

அந்தப் புகாரை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிட வேண்டும் என்று எங்கள் பிரிவுத் தலைவர் யோ சொன்னார். ‘மீண்டும் நிகழவில்லை’ என்று ஒரு வரி எழுதினால் போதும். ஐம்பதை நெருங்கும் மனிதர். நல்லவர்தான். ஆனால் அவர் திரையில் முடியாத புகாரைக் காட்டும் சிவப்பு நிறக் கட்டம் ஒன்று இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

“யோ அண்ணே, இந்த ஒண்ணு மட்டும் இல்ல. பழைய புகாரெல்லாம் தேடிப் பார்த்தேன். ‘ஆன் ஆகல’, ‘திரை கறுப்பு’ன்னு வேற வேற பேர்ல பதினேழு இருக்கு. எல்லாம் இதே மாடல். எல்லாத்துக்கும் ‘குறை காணப்படவில்லை’ன்னு பதில் போயிருக்கு.”

“பதினேழு பேரும் சார்ஜ் போட மறந்திருப்பாங்க.”

“நான் நேர்ல போய்ப் பார்த்துட்டு வரேன்.”

“தைதுங்குக்கா? ஒரு மெஷினுக்காக? அடுத்த மாடலுக்கு உன் நிரல் ரெண்டு வாரத்துல வேணும், தெரியுமா?”

“தெரியும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு நாள் தரேன். ரெண்டாவது நாள் உன் சொந்த விடுப்பு. அங்க போயும் அது நல்லா வேலை செஞ்சுச்சுன்னா, வெள்ளிக்கிழமை நீயே உன் கையால புகாரை மூடணும்.”

கணினியை நானே கையில் எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சுகாதார நிலையத்தின் வாசலில் செலெப் அக்காவைச் சந்தித்தேன். குட்டையான, திடமான உடல், வெட்டிய முடி, என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மேஜை வரும்னு பார்த்தா ஆளே வந்துட்டீங்களா, இஞ்சினியரம்மா. சரி, ஏறுங்க. பெல்ட் போடுங்க, ரோடு மோசம்.”

கணினியைத் தன் துணிப்பையில் போட்டுப் பின் இருக்கையில் வைத்தார். சின்ன வெள்ளைக் கார். கடலை ஒட்டிக் கொஞ்ச தூரம், பிறகு ஆற்றோரமாக மேலே.

முதல் வீட்டில் கணினியைத் திறந்தார். எழுந்தது. இரண்டாவது வீட்டிலும் எழுந்தது. செலெப் அக்கா திரையைப் பார்த்து, நான் கேட்கும்படியாகவே, “திருட்டுப் பயலே, அம்மா வந்ததும் நல்ல பிள்ளையாயிட்டியா?” என்றார். வெள்ளிக்கிழமை என் கையாலேயே அந்த வரியை எழுதுவது கண்ணுக்குத் தெரிந்தது.

மூன்றாவது வீடு மிக மேலே இருந்தது. போன புயலில் சரிந்த பாதையைக் கல்லைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள். கார் இருபது நிமிடம் குதித்துக் குதித்துப் போனது. அந்த வீட்டில் எழுபத்தெட்டு வயது முதியவர் ஒருவர், சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண்ணோடு, மூங்கில் நாற்காலியில் காத்திருந்தார். பத்து நாற்பதுக்குத் தைதுங் மருத்துவமனையிலிருந்து மருத்துவர் காணொளியில் வருவார். போன வாரம் எடுத்த படத்தையும் இன்றைய புண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்போது மணி பத்து முப்பத்தொன்று.

செலெப் அக்கா மூடியைத் திறந்தார். திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. பொத்தானைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

“வந்துடுச்சு!” என்று நான் கத்திவிட்டேன். கையைக்கூடத் தட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

முதியவர் என்னைப் பார்த்தார். செலெப் அக்காவும் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது.

“என்ன வந்துடுச்சு?” என்றார் அவர், மிக மெதுவாக. “கல்யாணமா?”

“மன்னிச்சிடுங்க அக்கா. மூணு வாரமா…” அவர் விரல் பொத்தானை நோக்கிப் போவதைப் பார்த்தேன். “அழுத்தாதீங்க! நீளமா அழுத்தினா உள்ள இருக்கிற பதிவெல்லாம் அழிஞ்சிடும். எதனால நின்னுச்சுன்னு அதுலதான் இருக்கு. பத்து நிமிஷம் கொடுங்க, கேபிள் போட்டு எடுத்துடறேன்.”

“பத்து நிமிஷமா? இதை அணைச்சுப் போட்டா பாஸ்வேர்டு கேட்டு, பூட்டெல்லாம் திறந்து எழுந்திருக்கவே நாலு நிமிஷம். டாக்டர் பத்து நாற்பதுக்கு. எனக்கு இவரு காலு முக்கியமா, உங்க டப்பா முக்கியமா?”

“இதை விட்டா மறுபடி எப்போ கிடைக்கும்னு தெரியாது. இன்னும் பதினேழு பேரு…”

“அந்தப் பதினேழு பேரு இங்க இல்ல. இவரு இங்க இருக்காரு.”

முதியவர் பைவான் மொழியில் ஏதோ கேட்டார். செலெப் அக்கா அதே மொழியில் பதில் சொல்லிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்தார். 

“கட்டைப் பிரிச்சு, கழுவி முடிக்கிற வரைக்கும்தான். அதுக்கு மேல ஒரு விநாடி கிடையாது.”

என் கணினியை எடுத்து, கேபிளைச் செருகினேன். முதல் முறை சரியாகப் பொருந்தவில்லை. பதிவு இறங்கத் தொடங்கியது. அந்த இணைப்பை அவ்வளவு மெதுவாக வைத்ததும் நான்தான். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று ஒரு காலத்தில் பெருமையாகச் செய்தது. இருபது சதவீதம். முப்பத்தெட்டு. பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம், முதியவர் பல்லைக் கடித்து மூச்சு விடும் சத்தம். ஐம்பத்தைந்து. அறுபத்திரண்டு.

“முடிஞ்சது,” என்றார் செலெப் அக்கா. என் தோளுக்கு மேலாகக் கை வந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்தார். திரையில் ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்று வந்தது.

அப்படியும் பத்து நாற்பதைப் பிடிக்க முடியவில்லை. கணினி எழுந்து இணையத்தைத் தேடிப் பிடித்தபோது மருத்துவர் அடுத்த நோயாளிக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் என்று செய்தி வந்தது. “பரவாயில்ல, எங்க போகப் போறேன்,” என்றார் முதியவர், இப்போது எனக்கும் புரியும் மொழியில். அவருடைய மருமகள் இலையில் சுருட்டி அவித்த தினை உருண்டை இரண்டு கொண்டுவந்து கொடுத்தாள். சாப்பிட்டேன்.

காரில் திரும்பும்போது நான் அந்த அறுபத்திரண்டு சதவீதத்தைப் படித்தேன். கணினி நின்றுபோன கடைசிப் பகுதி அதில் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய அரை மணி நேரம் இருந்தது. படித்ததை நம்ப முடியாமல் இன்னொரு முறை படித்தேன்.

“அக்கா, மேல வரும்போது கணினி எங்க இருந்துச்சு?”

“பின் சீட்ல. நீங்களும்தானே பார்த்தீங்க.”

“இதுல நாற்பத்தொரு தடவை மூடி திறந்து மூடினதா இருக்கு.”

“பேய் திறந்திருக்கும்.” 

நான் திரும்பிப் பின் இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். செலெப் அக்காவின் தங்கை தைத்துக் கொடுத்த பை. தடித்த கறுப்புத் துணி, ஓரத்தில் சிவப்பும் மஞ்சளுமாக மணி வேலை. மேல்மடலைத் தொட்டேன், அது தானாகவே போய் ஒட்டிக்கொண்டது. உள்ளே இரண்டு காந்தப் பொத்தான்கள்.

கணினி தன் மூடி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அறிவதும் காந்தத்தால்தான். மூடியின் விளிம்பில் ஒரு சின்னக் காந்தம், அதற்கு நேர் கீழே உடலில் ஓர் உணர்வி. வேறொரு காந்தம் எதிர்த் திசையில் பக்கத்தில் வந்தால், மூடி திறந்துவிட்டது என்று அந்த உணர்வி நினைத்துக்கொள்ளும். கார் குதிக்கும்போதெல்லாம் மடல் நகர்ந்தது. கணினி எழுந்தது, தூங்கியது, எழுந்தது.

சரிவைச் சீர்செய்யும் இடத்தில் கொடிக்காரர் எங்களை நிறுத்தினார். மேலிருந்து லாரிகள் இறங்க வேண்டும், இருபது நிமிடம் ஆகும் என்றார். செலெப் அக்கா காரை அணைத்தார். நான் பையின் வாயைக் கொஞ்சம் விலக்கி, ஓரத்திலிருந்த வெள்ளை விளக்கைப் பார்த்தபடி மடலை முன்னும் பின்னும் நகர்த்தினேன். விளக்கு நிலையாக எரிந்தால் விழிப்பு, சிமிட்டினால் தூக்கம்.

“என்ன பண்றீங்க?”

“கார் பண்ணினதைக் கையால பண்றேன். எண்ணுறீங்களா, அக்கா?”

முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு எண்ணத் தொடங்கினார். பத்து. இருபது. லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்தது. முப்பத்துமூன்று. முப்பத்துநான்கில் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்க, விசிறி மட்டும் சுற்றியது. கணினியை வெளியே எடுத்துத் திறந்தேன். கறுப்பு.

இந்த முறை நான் கையைத் தட்டவில்லை. 

“இப்ப யாரும் காத்துக்கிட்டு இல்ல,” என்றார் செலெப் அக்கா. “எடுத்துக்குங்க. நூறு வரைக்கும்.”

நூறு வரைக்கும் எடுத்தேன். படித்துப் பார்த்தபோது தப்பு எங்கே என்று ஒரே நிமிடத்தில் தெரிந்தது. அது என் நிரல்தான். நான்கு வருடம் முன்பு நான் எழுதியது.

மூடியதும் ஒரு கணினி உடனே தூங்கிவிடாது. எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத் தூங்க ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அதன் கடைசி அரை விநாடியில் யாராவது மூடியைத் திறந்தால், என் காவல்காரன் உடனே போய்த் தட்டுகிறான். பெரிய சிப் இன்னும் தூங்கவில்லை; அதனால் அந்தத் தட்டலை அது பொருட்படுத்துவதில்லை. பிறகு தூங்கிப்போகிறது. காவல்காரனோ, ‘நான்தான் எழுப்பிவிட்டேனே’ என்று குறித்துக்கொண்டு அதற்குமேல் தட்டுவதே இல்லை. அவன் உள்ளே இருப்பவன் விழித்திருக்கிறான் என்று நினைத்து விசிறியைச் சுற்றவிடுகிறான்; உள்ளே இருப்பவன் தட்டலுக்காகக் காத்துக் கிடக்கிறான். எத்தனை முறை மூடியைத் திறந்தாலும் அவ்வளவுதான்.

எங்கள் சோதனைக்கூடம் நாலு லட்சம் முறையும் அறுபது விநாடி பொறுமையாகக் காத்திருந்தது. மூடியவுடனே ஏதோ ஞாபகம் வந்து மறுபடி திறக்கும் மனிதர் ஒருவர்கூட அங்கே இல்லை.

“என் தப்புதான், அக்கா,” என்றேன்.

“உங்களோடதா?”

“ஆமா.”

அவர் முன்னால் நின்ற கொடிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். “எப்ப சரியாகும்?”

“நான் திருத்திடுவேன். ஆனா அது சோதனையெல்லாம் தாண்டி உங்களுக்கு வர ஒரு மாசத்துக்கு மேல ஆகலாம். அதுவரைக்கும் இந்தக் காந்தத்தைப் பிரிச்சு எடுத்துட்டு நாடா வச்சுத் தைச்சா…”

“உங்க தப்புக்கு என் பையை வெட்டணுமா?”

அவரே கணினியை வாங்கி, அணைத்து மறுபடி போட்டு மூடி, தலைகீழாகத் திருப்பிப் பைக்குள் இறக்கினார். மடலின் காந்தம் இப்போது உணர்வியை விட்டு விலகி, கீல் இருக்கும் பக்கம் போய்விட்டது. “இப்படி வச்சா?” என்றார். மடலை நகர்த்திப் பார்த்தேன். விளக்கு அமைதியாகச் சிமிட்டியது. இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை கூட்டத்தில் யோ மகிழ்ச்சியாக இருந்தார். நான் அனுப்பியிருந்த அறிக்கையை அவரே சுருக்கித் திரையில் போட்டிருந்தார். ‘காரணம்: பயனர் பயன்படுத்திய காந்தப் பை. தீர்வு: காந்தப் பையைத் தவிர்க்கும்படி அறிவிப்பு.’ 

“அருமையான வேலை, பெய்-சுன். முடிஞ்சது.”

“பை காரணம் இல்ல, அண்ணே. பைனால அடிக்கடி நடந்துச்சு, அவ்வளவுதான். காரணம் என் நிரல். பை இல்லாம யாருக்கு வேணும்னாலும் நடக்கும்.”

“நடக்கும்னா நடக்கணுமே. நம்ம எல்லார்கிட்டயும் இதே மாடல்தான் இருக்கு. எனக்கு ஒரு தடவைகூட நடக்கலயே.”

“உங்களோடதைக் கொஞ்சம் கொடுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே தன் கணினியை மேஜைமீது தள்ளினார். நான் மூடினேன், மனதுக்குள் ஒரு விநாடி எண்ணித் திறந்தேன். எழுந்தது. மறுபடி. எழுந்தது. ஐந்தாவது முறை ஒருவர் தேநீரை உறிஞ்சினார். பத்தாவது முறை யோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “விசிறியா வீசுற? போதும்மா, கீல் போயிடும்.” பதினைந்து. நேரத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தேன். பத்தொன்பதாவது முறை மூடியைத் திறந்தபோது திரை வரவில்லை.

யோ பொத்தானைத் தட்டினார். மறுபடி தட்டினார். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. “அதுல பதினோரு மணி அறிக்கை இருக்கு. நான் இன்னும் சேமிக்கவே இல்ல.”

“அந்தத் தாதிக்கும் இப்படித்தான் இருந்துச்சு, அண்ணே.”

“பேசாத!” என்று கத்தினார். அறையிலிருந்த எட்டுப் பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆ-பின் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார்.

அன்று மாலையே திருத்தத்துக்கு அனுமதி வந்தது. மொத்தம் பன்னிரண்டு வரிகள். தட்டிய பிறகு, உள்ளே இருப்பவன் நிஜமாகவே எழுந்தானா என்று ஒருமுறை பார்க்கச் சொன்னேன். எழாவிட்டால் மறுபடி தட்டச் சொன்னேன். எழுத அரை நாள் ஆனது. வெளியே போக ஐந்து வாரம் ஆனது. இரண்டு முறை வேறு பிரிவினர் திருப்பி அனுப்பினார்கள். ஒரு முறை படிவத்தில் தேதி தவறு என்று. இறுதி அறிக்கையின் முதல் வரியில் பை அப்படியே இருந்தது. நான் சண்டை போட்டதில் இரண்டாவது வரியாக ‘நிரல் மேம்பாடும் செய்யப்பட்டது’ என்று சேர்த்தார்கள். ‘மேம்பாடு’ என்ற சொல்லை ‘பிழைத்திருத்தம்’ என்று மாற்றக் கேட்டு நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கு இன்னும் பதில் இல்லை. அந்தப் பதினேழு பேரில் பலர் அதற்குள் வேறு கணினி வாங்கியிருப்பார்கள்.

திருத்தம் போன பத்தாவது நாள் செலெப் அக்கா அழைத்தார். பின்னணியில் நாய் குரைத்தது.

“போட்டாச்சு. இப்ப எப்படி வச்சாலும் எழுந்துக்குது.”

“அந்தப் பெரியவருக்கு எப்படி இருக்கு, அக்கா?”

“டாக்டர் பார்த்தாரு. ஒரு வாரம் முன்னாடியே பார்த்திருந்தா மருந்தை முன்னாடியே மாத்தியிருப்பேன்னாரு. காலு தப்பிச்சுது. சுண்டுவிரல் போயிடுச்சு.”

அந்த ஒரு வாரத்தால்தானா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

“இருக்கீங்களா, இஞ்சினியரம்மா?”

“இருக்கேன்.”

“இன்னொரு விஷயம். இங்க இன்னும் நாலு தாதிங்க கிட்ட இதே மெஷின் இருக்கு. அவங்களுக்கு இந்தத் திருத்தத்தை எப்படிப் போடறதுன்னே தெரியல. நீங்க அனுப்பின தாள்ல இருக்கிறது மனுஷங்க பேசற மாதிரியே இல்ல. நான் போட்டுத் தரேன்னு சொல்லியிருக்கேன். என்னென்ன பண்ணணும்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

“முதல்ல சார்ஜரைச் செருகணும்,” என்றேன்.

“இரு, பேனா எடுத்துக்கிறேன்,” என்றார்.